விடாமுயற்சி: யார், யாருக்குச் சொன்னது?



நம்ம குழுக் கூட்டம் எப்படி ஆரம்பிக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் உறுதிமொழி, அடுத்து வருகைப் பதிவு, அப்புறம் ஒரு குறளோ ஒரு பாட்டோ. அதுக்குப் பிறகுதான் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம். குறள் சொல்லச் சொன்னால் பத்துக்கு எட்டுத் தடவை முயற்சியைப் பற்றின குறள்தான் வரும். தீர்மான நோட்டுகளைப் புரட்டினால் "இன்று முயற்சி பற்றிய குறள் வாசிக்கப்பட்டது" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நாங்களும் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் அதையேதான் சொல்லி வந்தோம்.

இந்த இதழில் அந்த விடாமுயற்சியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்று நினைத்தோம். காரணம், நாங்கள் செய்த ஒரு தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த அக்காவிடம் "இதை எழுதலாமா?" என்று கேட்டோம். "பேரை மட்டும் போடாதீங்க. மத்தபடி எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார். குழுக் கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கினார். எட்டு லிட்டர் கறக்கும் என்று தரகர் சொன்ன மாடு, வீட்டுக்கு வந்தபிறகு நாலரை லிட்டரைத் தாண்டவில்லை. லிட்டர் 32 ரூபாய் வீதம் மாதம் 4,320 ரூபாய் வரவு. தீவனம், வைக்கோல், மருந்து எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய் செலவு. மிஞ்சுவது 720 ரூபாய். கட்ட வேண்டிய தவணையோ 2,500. மாதாமாதம் 1,780 ரூபாய் குறைந்தது. அதைக் களையெடுப்புக் கூலியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்.

நாலாவது மாதம் கூட்டத்தில் எழுந்து, "மாட்டைக் கொடுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? செய்கிற வேலையைப் பாதியில் விட்டவரை உலகமும் விட்டுவிடும் என்ற கருத்துள்ள குறளைச் சொன்னோம். கை தட்டினோம். "ஒண்ணு வத்தும்போது இன்னொண்ணு கறக்கணும், ரெண்டாவது மாடு வாங்கினாத்தான் லாபம்" என்று பயிற்சியில் படித்ததை எடுத்துவிட்டோம். அவருடைய கணக்கு நோட்டை வாங்கி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது மாடு வந்தது. மூன்று மாதத்தில் அதற்கு மடிநோய். தோடு அடகுக்குப் போனது. அடுத்த கூட்டத்தில் அவர் ஒன்றும் பேசவில்லை. பேசியது குழுவிலேயே மூத்த ஒரு பாட்டி. "ஏம்மா, அந்த வள்ளுவரு ஆயிரத்து முந்நூறு சொன்னாருன்னு சொல்லுறீங்க. இவளுக்குச் சொல்ல அந்த ஒண்ணுதான் கெடச்சுதா?" என்று கேட்டார்.

எங்களுக்குப் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்க் குறள் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்தோம். பரீட்சைக்குப் படித்தபோது கண்ணில் படாத ஒன்று அன்றைக்குப் பட்டது.

வண்டியும் அச்சாணியும்

முயற்சியைப் பற்றி வள்ளுவர் ஒன்றிரண்டு குறள் சொல்லி நிறுத்தவில்லை. 60ஆவது அதிகாரம் ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை, 63 இடுக்கண் அழியாமை. வரிசையாக நாலு அதிகாரம், நாற்பது குறள். மனசில் தெம்பு வேண்டும், சோம்பல் கூடாது, கையைப் போட்டு வேலை செய்ய வேண்டும், துன்பம் வந்தால் உடைந்துபோகக் கூடாது என்று படிப்படியாகப் போகிறது. தெய்வத்தால் ஆகாவிட்டாலும் உழைப்பு தன் கூலியைக் கொடுக்கும் என்று அவர் சொல்வது இங்கேதான். துன்பம் வரும்போது சிரி என்பதும் இங்கேதான். மேடு பள்ளமான பாதையில் வண்டி மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் முக்கி முக்கி இழுக்கிற எருது மாதிரி இருப்பவனைக் கண்டால் துன்பமே துன்பப்படும் என்பதும் இங்கேதான் வருகிறது.

நாங்கள் கூட்டங்களில் சொன்னதெல்லாம் இந்த நாற்பதிலிருந்துதான். ஆனால் பத்து அதிகாரம் பின்னால் திருப்பிப் பாருங்க. 47 தெரிந்துசெயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். என்ன வேலை, அதில் இறங்க நம்மிடம் என்ன பலம் இருக்கிறது, இது நேரமா, இது இடமா என்று நாற்பது குறள் அங்கேயும் இருக்கிறது. யோசிக்கச் சொன்ன நாற்பது முன்னால், விடாதே என்று சொன்ன நாற்பது பின்னால். நாங்கள் பின்பாதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறோம்.

வலியறிதலில் ஒரு வண்டி வருகிறது. மயிலிறகு எவ்வளவு லேசானது! அதையே அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்கிறார். அச்சு முறிந்தபிறகு எருது எவ்வளவு முக்கினாலும் என்ன ஆகும்? 63ஆவது அதிகாரத்து எருதையும் 48ஆவது அதிகாரத்து அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த அக்கா வீட்டில் நடந்தது எங்களுக்குப் புரிந்தது. அவர் இழுக்காமல் விடவில்லை. நாங்கள்தான் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனோம்.

அதே அதிகாரத்தின் எட்டாவது குறள் நம்ம குழுவுக்கென்றே எழுதினது போல இருக்கிறது. பணம் வரும் வழி சிறியதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, போகும் வழி அதைவிட அகலமாகாத வரைக்கும் என்பது அதன் கருத்து. 4,320 வரும் வழி. 6,100 போகும் வழி. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பாட்டியின் கேள்வி தேவைப்பட்டது.

காலமறிதலில் இன்னொரு படம் உண்டு. கிடாச் சண்டை பார்த்திருப்பீங்க. முட்டுவதற்கு முன்னால் கிடா நாலடி பின்னால் போகும். ஊக்கம் உள்ளவன் ஒடுங்கி இருப்பது அந்த மாதிரி என்கிறார் வள்ளுவர். மாட்டைக் கொடுத்துவிடலாம் என்று அந்த அக்கா சொன்னதை நாங்கள் ஓடிப்போவதாக எடுத்துக்கொண்டோம். அது பின்னால் வைத்த அடியாகவும் இருக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

இந்த எண்பது குறளும் பொருட்பாலில் அரசியல் என்ற பகுதியில் இருக்கிறது. அதாவது நேராகப் பார்த்தால் ஆளுகிறவனுக்குச் சொன்னது. அவனுக்குக் கஜானா உண்டு, படை உண்டு, ஒரு தடவை தோற்றாலும் மறுநாள் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்டவனுக்கே முதலில் பலத்தைப் பார், காலத்தைப் பார் என்று சொல்லிவிட்டுத்தான் விடாதே என்கிறார். தினக்கூலிக்குப் போகிற பெண்ணிடம், மாதச் சம்பளம் வாங்குகிற நாங்கள் போய், முன்பாதியை விட்டுவிட்டுச் சொன்னோம்.

இரண்டு கொக்கு

ஔவையார் எழுதிய மூதுரை சின்ன நூல். கடவுள் வாழ்த்தை விட்டால் முப்பது வெண்பா. ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது. அதில் ஐந்தாவது பாட்டு முயற்சியைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவரை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறது. எவ்வளவு முயன்றாலும் ஆகிற நாள் வந்தால்தான் காரியம் ஆகும், மரம் எவ்வளவு உயரமாக வளர்ந்திருந்தாலும் பருவம் வந்தால்தான் பழுக்கும் என்கிறார். வள்ளுவர் விதியையே முதுகு காட்டி ஓட வைக்கலாம் என்று துணிந்து சொல்கிறவர். ஔவை அவ்வளவு தூரம் போகவில்லை. புளிய மரத்தடியில் உட்கார்ந்து, "காய்க்கும், அவசரப்படாதே" என்று சொல்கிற பாட்டி மாதிரி பேசுகிறார். இரண்டில் எது சரி என்று கூட்டத்தில் கேட்டோம். நாற்று நடுகிறவர்கள் ஔவைக்குக் கை தூக்கினார்கள். தையல் மிஷின் வைத்திருக்கிறவர்கள் வள்ளுவருக்குத் தூக்கினார்கள்!

இரண்டு பேருமே கொக்கைக் காட்டுகிறார்கள் என்பது இன்னும் சுவாரசியம். வள்ளுவரின் கொக்கு காலமறிதலில் நிற்கிறது. பொறுத்திருக்க வேண்டிய நேரத்தில் அசையாமல் நிற்க வேண்டும், நேரம் வந்ததும் அது கொத்துகிற மாதிரி ஒரே கொத்தாகக் காரியத்தை முடிக்க வேண்டும். ஔவையின் கொக்கு வாய்க்கால் மடையில் நிற்கிறது. சின்ன மீன் ஓடுகிறது, விட்டுவிடுகிறது. தனக்கான மீன் வரும் வரைக்கும் வாடினது போல நிற்கிறது. ஆனால் ஔவை இந்தக் கொக்கைக் காட்டி அறிவுரை சொல்வது கொக்குக்கு அல்ல, பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு. அடங்கி இருக்கிறவரை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துத் தாண்டிப் போக நினைக்காதே என்கிறார். வங்கியில் கடன் மனுவோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் நம்ம பிரதிநிதிகளை நினைத்துக்கொண்டோம். முயற்சி என்றால் எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டு இருப்பதில்லை என்று ஔவைக்குத் தெரிந்திருக்கிறது.

படிக்கட்டில் நின்று பேசும் அம்மா

சமூகப்பணி படிக்கும்போது ஒரு ஆசிரியை எங்களுக்கு அமெரிக்கக் கவிதை ஒன்றைப் படித்துக் காட்டினார். எழுதியவர் லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கறுப்பினக் கவிஞர். 1922இல் ஒரு பத்திரிகையில் வந்தது. இருபதே வரி. அங்கே கறுப்பின மக்களின் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல்தான். அதற்குப் பிறகும் பல காலம் தனிப் பள்ளி, தனி இருக்கை, குறைந்த கூலி என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இரட்டைக் குவளையைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கவிதையில் ஒரு அம்மா தன் மகனிடம் பேசுகிறார். தன் வாழ்க்கையை ஒரு மாடிப்படியாகச் சொல்கிறார். பளபளக்கும் கண்ணாடிப் படி கிடையாது. ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, சிலாம்பு குத்துகிறது, சில இடத்தில் பலகையே பெயர்ந்து கிடக்கிறது, சில இடத்தில் விளக்கில்லாத இருட்டு. அப்படியும் நான் ஏறிக்கொண்டேதான் இருக்கிறேன், நீ உட்கார்ந்துவிடாதே என்று மகனிடம் சொல்கிறார்.

இதை வள்ளுவரோடு வைத்துப் பாருங்க. ஆளுகிறவனுக்குக் காலத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுக்க வசதி உண்டு. இந்த அம்மாவுக்கு வேறு படியே கிடையாது. இருக்கிற ஒரே படியில்தான் ஏறியாக வேண்டும். அதனால் வெற்றி, செல்வம், உலகத்தை வெல்வது பற்றியெல்லாம் அவர் பேசவில்லை. அடுத்த படி, அவ்வளவுதான். புருஷன் செத்தபிறகு மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த நம்ம தோழிகள் செய்தது இந்த வகை முயற்சி. மாடு வாங்குவது அந்த வகை இல்லை. அதில் வாங்கலாமா, வேண்டாமா, எப்போது விடலாம் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. பேர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் நாங்கள் குழப்பிவிட்டோம்.

அந்த அம்மா பேச்சில் எங்களுக்குப் பிடித்த இன்னொன்று, அவர் கீழே நின்றுகொண்டு மகனை மேலே ஏறு என்று விரட்டவில்லை. அவர் கால் இன்னும் படியில்தான் இருக்கிறது.

சாவித்திரிபாய் புலேயின் பாட்டுகளிலும் இதே குணம் உண்டு. மராத்தியில் எழுதியவர். 1831இல் பிறந்தவர், சின்ன வயதில் கல்யாணமாகி வந்தபிறகு கணவர் ஜோதிராவிடம் எழுதப் படிக்கக் கற்றார். 1848இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்காக அவர்கள் தொடங்கிய பள்ளியில் ஆசிரியையாக நின்றார். போகிற வழியில் சாணியையும் சேற்றையும் வீசினார்கள், அதனால் பையில் ஒரு மாற்றுச் சேலை வைத்திருந்தார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். 1854இல் 'காவ்ய புலே' என்ற அவருடைய கவிதைப் புத்தகம் வந்தது. அப்போது அவருக்கு 23 வயது. படி, உழை, சொந்தக் காலில் நில் என்று ஒடுக்கப்பட்டவர்களைப் பார்த்து அவர் சொல்லும்போது, அந்த மாற்றுச் சேலை கையில் இருக்கிற ஒருவர் சொல்கிறார் என்று நமக்குத் தெரிகிறது. 1897இல் பிளேக் நோய் வந்தபோது நோயாளிகளைக் கவனிக்கப் போய், தானும் அந்த நோயிலேயே இறந்தார்.

நம்ம பக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சைக்கிள் பாட்டு வயதான தோழிகளுக்கு ஞாபகம் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதற்காகத் தொண்டர் ஒருவர் எழுதிய பாட்டு. கல்குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூட்டம் கூட்டமாகத் திடலில் இறங்கிப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். விழுந்தால் பின்னால் பிடிக்க ஒரு ஆள் இருந்தது. வள்ளுவரிலும் அந்த அம்மாவின் பேச்சிலும் ஏறுகிறவர் ஒரு ஆள்தான். இந்தப் பாட்டிலோ சகோதரியைச் சகோதரி கூப்பிடுகிற குரல். குழு என்று ஒன்று இருப்பதே அதற்குத்தானே.

பொறுமை வேறு பக்கம் இருக்கிறது

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில குழுக்களில் வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம், "விடாமுயற்சியோட பொறுத்துப் போ, அவரு மாறுவாரு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். தோண்டுகிறவனையும் தாங்குகிற நிலத்தைக் காட்டுகிற குறளையும் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தக் குறள் 16ஆவது அதிகாரம், பொறையுடைமை, அறத்துப்பாலில் இருக்கிறது. முயற்சி அதிகாரங்கள் இருப்பது பொருட்பாலில். நடுவில் நாற்பது அதிகாரத்துக்கு மேல் இடைவெளி. பிறர் தப்பை மன்னிக்கிற பெருந்தன்மையைப் பற்றி அங்கே பேசுகிறார். தினமும் அடிபட்டுச் சாகு என்று எந்த அதிகாரத்திலும் இல்லை. 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும். அந்த எண்ணைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.

அந்த அக்கா கதை என்ன ஆச்சு என்று கேட்பீங்க. இரண்டு மாட்டையும் நஷ்டத்துக்குத்தான் விற்றார். குழு கூடி இரண்டு கடனையும் ஒன்றாக்கி, தவணையைக் குறைத்து, மாதங்களை நீட்டித் தீர்மானம் போட்டது. அந்தக் கூட்டத்தில் குறள் வாசிக்கவில்லை. கணக்கு நோட்டை வாசித்தோம். அப்புறம் ரொம்ப நாள் அவர் கூலி வேலைக்குத்தான் போனார். கூட்டத்துக்கு வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பிறகு கிணற்றடியில் இருந்த 15 சென்ட்டில் கோ-4 தீவனப்புல் போட்டு, மாடு வைத்திருப்பவர்களுக்குக் கட்டுக் கட்டாக விற்க ஆரம்பித்தார். கரணையும் விற்றார். கடன் அடைந்து ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி ஒரே ஒரு மாடு வாங்கினார். விற்கிறவர் வீட்டிலேயே இருந்து, சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, மறுபடி சாயங்காலம் ஒரு தடவை தன் கையாலேயே கறந்து பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தார். புல்லுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. "தரகரு ஏழுன்னாரு, ஆறுதான் இருந்துச்சு. ஆறுக்குள்ள வெலையைத்தான் கொடுத்தேன்" என்று சிரித்தார்.

கேள்வி கேட்ட பாட்டியிடம் போன மாதம் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய அப்பா ஏற்றம் இறைக்கும்போது பாடின பாட்டு கொஞ்சம் ஞாபகம் இருக்கிறதாம். "சும்மா பாட்டு இல்லம்மா அது. எத்தனை சால் எறைச்சோம்னு பாட்டுலயே எண்ணிக்கிட்டு வருவாங்க. எண்ணிக்கை வந்ததும் எறங்கிடுவாங்க" என்றார். பாடச் சொல்லி எழுதி வைத்திருக்கிறோம். உங்க ஊரிலும் ஏற்றப்பாட்டோ நடவுப்பாட்டோ தெரிந்த பெரியவங்க இருந்தால், பாடச் சொல்லி எழுதி, அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்க. பாடியவர் பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதுங்க.